முள்ளோடு இருக்கும் படம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது "சரிடா, ஃப்ரேம் போட்டு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த கையோடு பீரோவைத் திறந்து அந்தப் பூப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நாவலூரில் நீயும் நித்யாவும் குடிபோகப் போகிற ஃப்ளாட்டில், ஹாலில், சோபாவுக்கு மேலே மாட்ட வேண்டும் என்றாய். "நீ எடுத்ததிலேயே அதுதாம்மா பெஸ்ட்" என்று வேறு சொன்னாய். சந்தோஷப்பட வேண்டியவள், நாலு நாளாகச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா, பையன் கல்யாணம் என்றால் அம்மாக்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு டி.வி. பார்க்கப் போய்விட்டார். காரணம் அது இல்லை. நேரில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிப்பாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுப் போன் பண்ணு. கோபமாக இருந்தால் நாலு நாள் கழித்துப் பண்ணு.

அத்தைக்கு இந்தப் பூப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று நித்யா நிச்சயதார்த்தத்தன்று கேட்டாள். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது நாம் அணுபுரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அப்போது அங்கே கட்டடத்தைவிடக் காடுதான் அதிகம். காடு என்றால் புலி கரடி எல்லாம் இல்லை. இடுப்பளவு முள்புதர், நடுவில் செம்மண், தூரத்தில் ஏரிக்கரைப் பனைமரங்கள், அவ்வளவுதான். கும்பகோணத்தில் வாய்க்காலும் வயலுமாகப் பார்த்து வளர்ந்த எனக்கு வந்த புதிதில் அந்த இடத்தைக் கண்டாலே எரிச்சல். என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு கேமரா கொடுத்துவிட்டுப் போனார். உன் பிறந்தநாள், அப்பாவின் ஸ்கூட்டர், பொங்கல் கோலம் எல்லாம் எடுத்து முடித்த பிறகும் ரோலில் நாலு படம் மிச்சம் இருந்தது. வீணாக்க மனசு வராமல் வீட்டுக்குப் பின்னால் போய், தரையோடு தரையாகப் பூத்திருந்த விஷ்ணுகிராந்தியை எடுத்தேன். சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத நீலப் பூ. செங்கல்பட்டு ஸ்டுடியோவில் கழுவி வந்தபோது படம் கலங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நீலம்! ஒரு வருஷமாக இதை மிதித்துக்கொண்டுதானே கொடியில் துணி காயப்போட்டேன் என்று வெட்கமாகிவிட்டது. கிட்டே வைத்து எடுக்க லென்ஸுக்கு ஒரு வளையம் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அண்ணனுக்குக் கடிதம் போட்டு அதையும் வரவழைத்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நீயும் நானும்தான். அப்பா எழுந்து பேப்பர் படிக்கும்போது நாம் மொபெட்டில் பாதி தூரம் போயிருப்போம். மாமல்லபுரம் போகிற வழியில், சவுக்குத் தோப்பைத் தாண்டி, மணல்மேடு முழுக்க அடப்பங்கொடி படர்ந்திருக்கும். காலையில் ஊதா நிறத்தில் வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பூக்கள் வெயில் ஏறினால் சுருண்டுவிடும். கடற்காற்றில் ஒரு பூ ஒரு நொடி சும்மா நிற்காது. நீ காற்றுப் பக்கம் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாய், நான் மணலில் குப்புறப் படுத்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பேன். உன் நிழல் பூமேல் விழுந்துவிட்டால் போதும், கத்துவேன். "ஒரு எடத்துல நிக்கத் தெரியாதா உனக்கு?" என்று எத்தனை தடவை உன்னைத் திட்டியிருப்பேன்! முப்பத்தாறே படம் இருக்கிற ரோல் மேல் இருந்த கவனம் பத்து வயதுப் பிள்ளையின் கைவலி மேல் இல்லை. ஆனால் நீ ஒரு நாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. திரும்பி வரும்போது வழியில் இட்லி வாங்கிக் கொடுத்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுவாய்.

கன்னியம்மாவை உனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நித்யாவும் படிக்க வேண்டும், அதனால் சொல்கிறேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஊரிலிருந்து அந்தப் புதர்க்காட்டுக்கு இருபது ஆடுகளை ஓட்டி வருவாள். என் வயதுதான் இருக்கும். முதல் தடவை நான் கேமராவோடு தரையில் கிடந்ததைப் பார்த்து மயக்கம் போட்டுவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தாள். அப்புறம் அதுவே கேலியாகிவிட்டது. "இன்னாம்மா, எப்ப பாத்தாலும் தரையில பட்த்துகினே கீறே. வூட்ல கட்டில் இல்லியா?" என்பாள். எனக்குப் பூக்களைப் புத்தகத்தில் தெரியும், அவளுக்கு இருக்கிற இடத்தில் தெரியும். எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் எது முளைக்கும், எதை ஆடு தின்னும், எதைக் கண்டால் விலகிப் போகும் என்று கேட்டால் உடனே சொல்வாள். உன்னிடம் அவளுக்குத் தனிப் பிரியம். நீ "கன்னியம்மாக்கா, கன்னியம்மாக்கா" என்று அவள் பின்னாலேயே சுற்றுவாய். ஆடு போட்ட குட்டிக்கு நீ பெயர் வைத்தால் அதுதான் அதற்குப் பெயர்.

இதற்கிடையில் நான் டவுன்ஷிப்பில் இருந்த போட்டோ கிளப்பில் சேர்ந்தேன். பத்துப் பதினைந்து பேர், என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். அங்கேதான் ஒரு பழக்கம் கற்றுக்கொண்டேன். காட்டுப்பூ எடுக்கப் போகிறவர்கள் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரும் வைத்திருப்பார்கள். பூவுக்கு முன்னால் குறுக்கே வருகிற புல், குச்சி, பழுத்த இலை எல்லாவற்றையும் நறுக்கிவிட்டு, பின்னால் கறுப்பு அட்டையை நிறுத்தி எடுத்தால் படம் பளிச்சென்று வரும். இதற்குக் கிளப்பில் "பூவுக்குச் சலூன் வைக்கிறது" என்று பெயர். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. நாலு புல்லை வெட்டினால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் இருந்தேன்.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது, மழை ஓய்ந்து பனி விழ ஆரம்பித்த தை மாதம். கிரிக்கெட் பந்து தேடிப் புதருக்குள் தவழ்ந்து போனவன், பந்தை விட்டுவிட்டு மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடிவந்தாய். "அம்மா, வெளியில சொல்லாத. ஒரு பூ இருக்கு. நம்ம புக்ல இருக்கிற மாதிரி" என்று என் காதில் சொன்னாய். அடுத்த நாள் ஞாயிறு, பனி காய்வதற்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். கன்னியம்மாவிடம் நீ முன்பே சொல்லியிருந்தாய் போல, அவளும் அங்கே நின்றிருந்தாள். சூரை முள் பின்னிக் கிடந்த ஒரு புதரின் நடுவில், முழங்கால் உயரத் தண்டில், வெளிர்பச்சை இதழும் உள்ளே ரோஜா நிறக் கோடுமாக ஏழெட்டுப் பூ. தரையில் வளரும் ஆர்க்கிட். ஊட்டியில் கண்ணாடி வீட்டுக்குள் பார்க்கிற குடும்பத்துப் பெண், நம் வறட்டுக் காட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். உன்னைக் கட்டிக்கொண்டேன். கன்னியம்மா தன் தொரட்டியை, அந்தக் கொக்கி வைத்த கழியை, முள்ளுக்குள் விட்டு ஒரு கொப்பை மெல்லத் தூக்கிப் பிடித்தாள். "இப்ப பாரு தம்பி, நல்லா தெர்தா?" என்றாள். "நானும் ஒரு படம் எடுக்கட்டுமாம்மா?" என்று நீ கேட்டாய். ரோலில் பன்னிரண்டுதான் மிச்சம் இருந்தது. கண்டுபிடித்தவன் நீ, எப்படி மாட்டேன் என்பது? கொடுத்தேன். நீ எடுத்து முடித்ததும் அவள் கழியை எடுத்துக்கொண்டாள், முள் பழையபடி மூடிக்கொண்டது. ஆடு தின்றுவிடாதா என்று நீ கவலையாகக் கேட்டாய். "சூரமுள்ளு காவலுக்கு கீது தம்பி. இதுக்குள்ள எந்த ஆடும் மூஞ்ச வுடாது. நா சொல்றேன், பயப்படாத" என்றாள். அவள் ஆடுகளை ஏரிப்பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள், நீ மேட்ச் இருக்கிறது என்று ஓடிவிட்டாய்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் சொல்லப்போவது தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் போன பிறகு நான் கத்தரிக்கோலை எடுத்தேன். கொப்பு கொப்பாக, சுற்றிலும் இருந்த சூரை முள்ளை எல்லாம் வெட்டினேன். கையெல்லாம் கீறல், அப்படியும் விடவில்லை. அரைமணி நேரத்தில் அந்தப் பூ எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி தனியாக நின்றது. அட்டையை நிறுத்தினேன், பதினோரு படமும் எடுத்தேன். வெட்டிய முள்ளைக் குவித்து ஓரமாகப் போட்டுவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கன்னியம்மா சொன்னது என் காதில் விழாமல் இல்லை. முள்தான் காவல் என்று அவள் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. படம் எடுக்கிற ஆசையில் அது மண்டையில் ஏறவில்லை. கையில் இருந்த கீறலைப் பார்த்து நீ கேட்டதற்கு, காய் நறுக்கும்போது பட்டது என்றேன். அந்த வீட்டில் நான் காய் நறுக்கி இரண்டு கையிலும் பத்துக் கீறல் விழுகிற அளவுக்கு என்ன சமைத்தேனோ, நீயும் நம்பினாய்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு நேரே அங்கே போயிருக்கிறாய். நான் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அழுதுகொண்டு நின்றாய். இரண்டு பேருமாக ஓடினோம். தண்டு இல்லை, பூ இல்லை, அடியில் இருந்த பச்சைக் கிழங்குகூட மிதிபட்டு நசுங்கிக் கிடந்தது. சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. கன்னியம்மா அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். நீ அவளைப் பார்த்ததும் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆடு தின்னாதுன்னு சொன்னியே! பொய் சொல்லிட்ட! நீ பொய்க்காரி!" அதுவரை அவளை 'நீங்க' என்றுதான் சொல்வாய். அவள் குனிந்து, காய்ந்து கிடந்த ஒரு முள் கொப்பை எடுத்து, வெட்டுப்பட்ட நுனியைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "வாடா போகலாம், இருட்டப் போகுது" என்று உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெயில் அப்போது நன்றாகவே இருந்தது.

அன்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீ ஒரு வாரம் என்னிடம் பேசாமல் இருந்திருப்பாய், அப்புறம் சரியாகியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம், வேறொன்றும் இல்லை. எங்கம்மாவுக்குப் பூ என்றால் உயிர் என்று நீ எல்லோரிடமும் சொல்வாய், அந்தப் பெருமை போய்விடும் என்று பயந்தேன். பிறகு படம் கழுவி வந்தது. கறுப்புப் பின்னணியில் அந்தப் பூ சிலை மாதிரி நின்றது. கிளப் போட்டியில் முதல் பரிசு. நடுவர், பின்னணி எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டினார். நீ முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது. கன்னியம்மா ஆடுகளை வேறு பக்கம் ஓட்டிப்போக ஆரம்பித்தாள். உன் வாயில் அன்றிலிருந்து அவள் 'ஆட்டுக்காரி'. நான் அந்தக் கத்தரிக்கோலைத் தையல் பெட்டியில் போட்டேன். அதோடு என் பரிசுகளும் நின்றன. என் படத்தில் குச்சியும் புல்லும் குறுக்கே வருகின்றன என்று குறை சொன்னார்கள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பூ மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. உனக்குள்ளும் ஏதோ ஒன்று மாறியது, அதை நான் கண்ணால் பார்த்தேன். எதைக் கண்டாலும் ஓடிவந்து காட்டுகிறவன், மூடி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாய். கல்லூரியில் உன் சிநேகிதன் நோட்டைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னதை நீ நம்பவில்லை என்று அவனே என்னிடம் வந்து வருத்தப்பட்டான். நித்யாகூட நிச்சயதார்த்தத்தன்று சிரித்துக்கொண்டே, "அத்தை, நான் எது சொன்னாலும் இவர் முதல்ல நிஜமாவான்னு கேக்கறார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதே மூச்சில் நீ அவள் வீட்டாருக்கு அந்தப் படத்தின் கதையைச் சொன்னாய், ஆட்டுக்காரி வாக்குக் கொடுத்து ஏமாற்றினாள் என்று. நான் ஜாங்கிரித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இப்போது அந்தக் கதையை ஆணியடித்துச் சுவரில் மாட்டப் போகிறாய். வருகிறவர்கள் எல்லோருக்கும் சொல்வாய். நாளைக்கு உன் பிள்ளைக்கும் சொல்வாய். அதை என்னால் தாங்க முடியாது.

நேற்று கல்யாணப் பத்திரிகை எடுத்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். பத்து நிமிஷ நடை. பதினாலு வருஷமாக என்னால் நடக்க முடியாத பத்து நிமிஷம். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆடு நாலுதான் வைத்திருக்கிறாள், மகன் நாவலூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். என்னைப் பார்த்ததும், "யாரு, தரையில பட்த்துகினு பூ புடிக்கிற அம்மாவா? வா, வா. இன்னா இம்மா நாளு கயிச்சு?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தம்பிக்குக் கல்யாணம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. "தம்பிக்குக் கண்ணாலமா!" என்றவள், பத்திரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "தம்பிக்கு இன்னும் எம்மேல கோவமா கீதா?"

அதற்கு மேல் நான் என்ன உட்கார்ந்திருப்பது? எல்லாவற்றையும் கொட்டினேன். முள்ளை வெட்டியது நான்தான் என்றேன். "அதான் தெரியுமேம்மா. வெட்டுன முள்ளு எது, ஒடிஞ்ச முள்ளு எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று, வெட்கம் கெட்டு அதையும் அவளிடமே கேட்டேன். "பெத்தவ நீ நிக்கசொல்லோ நா இன்னாத்த சொல்றது? நீ சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தம்பி. மழை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். காபி போட்டுக் கொடுத்து, கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "இப்ப போய் இத்தயெல்லாம் தம்பியாண்ட சொல்லாத. கண்ணால நேரத்துல புள்ள மனசு பேஜாராய்டும்" என்றாள். அவள் பேச்சை ஒரு தடவை கேட்காமல் போனதன் பலன்தான் இவ்வளவும். ஆனாலும் இந்தத் தடவையும் கேட்கப்போவதில்லை.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் பட்டவள் சொல்கிறேன். நித்யாவை அவளைச் சுற்றி இருப்பதோடு சேர்த்தே பார். அவள் அம்மா நாளுக்கு மூன்று தடவை பண்ணுகிற போன், வாரம் ஒருமுறை வந்து கூத்தடிக்கிற தோழிகள், கோபம் வந்தால் அரைநாள் பேசாமல் இருக்கிற குணம், இதெல்லாம் உனக்குக் குறுக்கே வருவதாகத் தோன்றும். இதெல்லாம் இல்லாவிட்டால் இவள் எவ்வளவு நன்றாக இருப்பாள் என்றும் தோன்றும். கையில் கத்தரிக்கோலை எடுக்காதே. எது அவளுக்குக் காவல் என்று உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. இன்னொன்று, தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிட்டுப் படுத்துவிடலாம். பதினாலு வருஷம் சுமக்க வேண்டியதில்லை.

பரிசு வாங்கிய படத்தை நான் அனுப்பப் போவதில்லை. அதற்குப் பதிலாக இன்னொன்று வைத்திருக்கிறேன். அன்று நீ எடுத்தாயே ஒரு படம், அதை ஸ்டுடியோக்காரர் சரியாக விழவில்லை என்று பிரிண்ட் போடாமலே விட்டிருந்தார். நெகட்டிவ் என்னிடம் இருந்தது. நேற்று அங்கிருந்து நேரே செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிப் போய்ப் பெரிதாகப் போட்டு வாங்கி வந்தேன். கொஞ்சம் ஆடியிருக்கிறது. பாதிப் பூவை முள் மறைக்கிறது. ஓரத்தில் தொரட்டியைப் பிடித்தபடி ஒரு கை, பச்சைக் கண்ணாடி வளையலோடு, நீ பார்க்க வேண்டும் என்று முள்ளைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூ உயிரோடு இருந்த இடத்தில், இருந்தபடியே எடுத்த படம் இது ஒன்றுதான். எடுத்தது நான் இல்லை, நீ.

கன்னியம்மா கல்யாணத்துக்கு வருவாள். மேடைக்கு ஏற மாட்டாள், எனக்குத் தெரியும். கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுவாள். என் மன்னிப்பை நான் கேட்டுவிட்டேன், உன்னுடையதை நீதான் கேட்க வேண்டும். மாலையைக் கழற்றாமல், நித்யாவையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போ. போட்டோகிராபர் கத்துவார், கத்தட்டும். நீ பழையபடி கன்னியம்மாக்கா என்று கூப்பிடு, அவள் திரும்பிப் பார்ப்பாள்.

படத்தை ஹாலிலேயே மாட்டு. வருகிறவர்கள் அந்தக் கை யாருடையது என்று கேட்பார்கள். சொல்.

அம்மா